பிரசுரமாகாத எழுத்தாளர்களுக்குன்னு தனிப் பரிசு எதுக்கு? லீட்ஸ் பரிசை வச்சு ஒரு பேச்சு

லெஸ்டர்_மாரி:

வணக்கம் மக்களே. இங்க லைப்ரரில வென்யன் லு எழுதின 'தி ஃப்யூனரல் க்ரையர்' நாவலை எடுத்தேன், கீழ வைக்க முடியல. வடக்கு சைனாவுல ஒரு கிராமம், அங்க சாவு வீட்டுக்குப் போயி காசுக்கு அழுகுற ஒரு பொம்பளைதான் கதை சொல்றா. அவ சம்பாத்தியத்துலதான் வீடு ஓடுது, புருஷன் சும்மா உக்காந்துக்கிட்டு குத்தம் சொல்றான், ஊர்க்காரங்க அவ எதிர்ல வந்தாலே ஆகாதுன்னு ஒதுங்குறாங்க. ஒப்பாரி பாட வர்ற அம்மாக்களை எங்க ஊர்ல எப்படி நடத்துனாங்கன்னு பாத்து வளந்தவன் நான், அதனால பல பக்கத்துல எனக்கு சைனா ஞாபகமே வரல.

விஷயம் என்னன்னா, இந்த நாவல் புத்தகமா வந்தது 2023ல, ஆனா 2020லயே கையெழுத்துப் பிரதியா இருக்கும்போதே எஸ்.ஐ. லீட்ஸ் லிட்டரரி பிரைஸ் வாங்கிருக்கு. யுகேல இருக்கிற கறுப்பின, ஆசியப் பெண்களுக்கு மட்டும், அதுவும் இன்னும் பிரசுரமாகாத புனைவுக்கு மட்டும் குடுக்கிற பரிசு. 2012ல ஆரம்பிச்சு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை குடுத்தாங்க. சொராப்டிமிஸ்ட் இன்டர்நேஷனல்ங்கிற பெண்கள் அமைப்போட லீட்ஸ் கிளைதான் முன்னாடி நின்னு தொடங்குனது, கூட பீபல் ட்ரீ பிரஸ்ங்கிற பதிப்பகம், இல்க்லி இலக்கிய விழா.

இதை ஆபீஸ்ல சொன்னா, பொதுவான போட்டி எவ்வளவோ இருக்கு, இவங்களுக்கு மட்டும் எதுக்கு தனியான்னு ஒருத்தர் கேட்டாரு. வேணும்னு எனக்கு அடிச்சு தோணுது, ஆனா ஏன்னு கோர்வையா சொல்ல வரல. இங்க எழுதுறவங்க, பப்ளிஷிங்ல இருக்கிறவங்க சொல்லுங்க.

ரீடிங்_சுப்பு:

எனக்கு இதுல உடன்பாடு இல்ல மாரி, கோவிச்சுக்காதீங்க. நீங்க சொன்ன நாவல் நல்ல நாவல்னா அது பொதுப் போட்டியிலயும் ஜெயிச்சிருக்கும். தனியா ஒரு வரிசை போட்டா வெளில இருக்கிறவன் இவங்க கோட்டாவுல வந்தவங்கன்னு லேசா சொல்லிட்டுப் போயிடுவான், அப்புறம் எழுதினவங்க ஆயுசு பூரா அதுக்கு பதில் சொல்லிட்டே இருக்கணும். என் பொண்ணு எழுதுறா, பதினேழு வயசு, நல்லா எழுதுறான்னு அவ டீச்சரே சொல்றாங்க. அவ எழுத்தைப் பத்தி பேசுறதுக்கு முன்னாடி அவ தோலைப் பத்தி பேச ஆரம்பிச்சா ஒரு அப்பனா எனக்கு மனசு ஒப்பாது. பேரை மறைச்சு எல்லா பிரதியையும் ஒண்ணா படிச்சா முடிஞ்சு போச்சு, அதுதானே நியாயம்?

ஈஸ்ட்ஹாம்_கவிதா:

சுப்பு அண்ணா, உங்க கவலை புரியுது, பொண்ணுக்காக பேசுறீங்க. நான் ஒரு பதிப்பகத்துல வேலை பாக்குறேன் (பேர் வேண்டாம்), உள்ள எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் சொல்றேன்.

முதல்ல, புக்கர் மாதிரி பெரிய பரிசுக்கு எழுத்தாளர் நேரா அனுப்பவே முடியாது, பதிப்பகம்தான் அனுப்பணும். பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் ஏஜென்ட் (எழுத்தாளர் சார்பா பிரதியை பதிப்பகத்துக்கு விக்கிறவங்க) மூலமா வந்த பிரதியைத்தான் எடுத்துப் பாக்கும். ஏஜென்ட்டுக்கு முதல் மூணு அத்தியாயம், ஒரு பக்க சினாப்சிஸ் (கதைச் சுருக்கம்), ஒரு லெட்டர் போகும், அங்கதான் முக்காவாசிப் பேர் கதை முடியுது. அதைத் தாண்டி ஒரு எடிட்டருக்கு பிரதி பிடிச்சுப் போச்சுன்னாலும் அவங்களே வாங்கிட முடியாது, எந்தப் பிரதியை வாங்கலாம்னு முடிவு பண்ற அக்விசிஷன் மீட்டிங்னு ஒண்ணு இருக்கு, அதுல சேல்ஸ், மார்க்கெட்டிங், ஃபைனான்ஸ் ஆளுங்க எல்லாரும் உக்காந்திருப்பாங்க. அங்க முதல்ல கேக்குறது, இது எந்த புத்தகம் மாதிரி, அது எத்தனை காப்பி வித்துச்சு? கம்ப்ஸ்னு சொல்லுவோம். சமீபத்துல வந்த, இதே சாயல்ல இருக்கிற ரெண்டு மூணு புத்தகத்தோட விற்பனையை வச்சுத்தான் இந்த புத்தகத்துக்கு எவ்வளவு அட்வான்ஸ் (எழுத்தாளருக்கு முன்பணம்), எத்தனை பிரதி அடிக்கலாம்னு ஒரு ஷீட்டுல கணக்குப் போடுவாங்க.

இப்ப யோசிங்க, இதுக்கு முன்னாடி அந்த மாதிரி புத்தகமே போடலன்னா ஒப்பிட என்ன இருக்கும்? ஒண்ணும் இல்லன்னா ரிஸ்க்குனு எழுதுவாங்க, ரிஸ்க்குனு எழுதினா புத்தகம் வராது, வரலன்னா அடுத்தவங்களுக்கும் ஒப்பிட ஒண்ணும் இருக்காது. இது என் சொந்தக் கற்பனை இல்ல. 2020ல அனாமிக் சாஹாவும் சாண்ட்ரா வான் லென்ட்டேவும் கோல்ட்ஸ்மித்ஸ் யுனிவர்சிட்டியில இருந்து ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, பதிப்புத் துறையில 113 பேர்கிட்ட பேசி எழுதினது, அதுல இந்த கம்ப்ஸ் விஷயம் நல்லா விளக்கியிருக்கு. வாசகர்னாலே வெள்ளைக்கார நடுத்தர வர்க்கம்னு மனசுல வச்சுக்கிட்டுதான் முடிவெடுக்கிறாங்கன்னும் அதுல வருது.

பேரை மறைச்சா போதுமான்னு கேட்டீங்க. பேரை மறைக்கலாம் அண்ணா, கதையில வர்ற வீட்டை எப்படி மறைக்கிறது? பாட்டி பேசுற பேச்சு, சாவுக்கு என்ன செய்வாங்க, கல்யாணத்துக்கு யாரை முதல்ல கூப்பிடணும், இதெல்லாம் முதல் பக்கத்துலயே தெரிஞ்சிடும். படிக்கிறவங்களுக்கு அது பழக்கம் இல்லன்னா, மனசு ஒட்டலன்னு ஒரு வரி எழுதி திருப்பி அனுப்பிடுவாங்க. அவங்க கெட்டவங்க இல்ல, நிஜமாவே ஒட்டியிருக்காது. அதனாலதான் படிக்கிற ஆளையே மாத்தணும். லீட்ஸ் பரிசு செய்யறது அதைத்தான்.

ஹரோ_நிலா:

கவிதா, நீங்கள் சொன்ன அந்த ஒரு வரி எனக்கும் வந்தது. கன இடத்தில சொல்லாத கதை, இங்க சொல்லுறன்.

நான் ஒரு நாவல் எழுதி வச்சிருக்கிறன், வேலையும் பிள்ளையளும் எண்டு ஓடிக்கொண்டு இரவில எழுதினது. வன்னியில இருந்து வந்து லண்டனில ஒரு பெற்றோல் ஸ்டேசனில இரவு வேலை செய்யிற மனிசன்ர கதை, சண்டை பெரிசா வராது, அவர் அம்மாவோட ஃபோனில கதைக்கிறதுதான் முக்கால்வாசி. ஒரு ஏஜென்ட் முழுப் பிரதியையும் கேட்டு வாசிச்சவ. எனக்கு எவ்வளவு சந்தோசம் எண்டு சொல்லத் தேவையில்லை. பிறகு மெயில் வந்தது, எழுத்து வடிவா இருக்காம், ஆனால் எங்கட லிஸ்ட்டில ஏற்கெனவே ஒரு ஸ்ரீலங்கா நாவல் இருக்கு எண்டு. அதோட சண்டையைக் கொஞ்சம் கூட்டி எழுதினால் திரும்பப் பாக்கலாமாம். அவவின்ர லிஸ்ட்டில விவாகரத்தான லண்டன் பொம்பிளையளைப் பற்றின நாவல் ஐஞ்சாறு இருந்தது, நான் போய்ப் பாத்தனான். அதில ஆருக்கும் ஏற்கெனவே ஒண்டு இருக்கு எண்டு சொல்லியிருக்க மாட்டினம்.

சுப்பு அண்ணா, உங்கட மகளுக்கு முத்திரை குத்தக்கூடாது எண்டுறீங்கள், சரி. ஆனால் எனக்கு முத்திரை குத்தினது எந்தப் பரிசும் இல்லை, அந்த மெயில்தான். நான் எந்தப் போட்டிக்கும் அப்ப அனுப்பியிருக்கேல்ல.

இந்த லீட்ஸ் பரிசை முதல் முதல் வாங்கினது மினோலி சல்காடோ, 2012ல. 'எ லிட்டில் டஸ்ட் ஆன் தி ஐஸ்' எண்ட நாவல், 2014ல பீபல் ட்ரீ போட்டது. அது எங்கட பக்கத்துக் கதை இல்லை, எண்பதுகளின்ர கடைசியில தெற்கில ஆக்கள் காணாமல் போனதும் 2004 சுனாமியும் வரும், ரெண்டு மச்சாள்மாரின்ர கதை. வாசிக்கேக்க எனக்குப் பட்டது, இதை எழுதினவ ஆருக்கும் இலங்கையை விளங்கப்படுத்திக்கொண்டு நிக்கேல்ல எண்டு. எனக்கும் அப்பிடி எழுத வேணும், ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால ஒரு விளக்கம் போடாமல்.

ரீடிங்_சுப்பு:

நிலா தங்கச்சி, அந்த மெயில் விஷயம் படிச்சு வருத்தமா இருக்கு. லிஸ்ட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்குன்னு சொல்றது அநியாயம்தான், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சு இல்ல.

ஆனா இன்னொண்ணு கேக்கணும். ஒரு இனத்துக்காரங்களை மட்டும் சேத்துக்கிட்டு மத்தவங்களை வராதேன்னு சொல்றது இந்த நாட்டு சட்டத்துல செல்லுமா? நாளைக்கு யாராவது கோர்ட்டுக்குப் போனா பரிசு வாங்கினவங்க பேருல்ல கெட்டுப்போகும்.

வெம்ப்ளி_ராஜன்:

கோர்ட் வரைக்கும் போகல, ஆனா புகார் போச்சு. ஜலாக் பிரைஸ்னு ஒண்ணு இருக்கு, சன்னி சிங், நிகேஷ் சுக்லா இவங்கல்லாம் சேந்து 2016ல ஆரம்பிச்சது, யுகேல இருக்கிற வெள்ளையர் அல்லாத எழுத்தாளர்களோட பிரசுரமான புத்தகங்களுக்கு. முதல் பரிசு 2017ல ஜேக்கப் ராஸோட 'தி போன் ரீடர்ஸ்'க்கு போச்சு. இது வெள்ளைக்காரங்களுக்கு எதிரான பாகுபாடுன்னு ஃபிலிப் டேவிஸ்ங்கிற கன்சர்வேட்டிவ் எம்.பி. சமத்துவ, மனித உரிமை ஆணையத்துக்கு புகார் குடுத்தாரு. ஆணையம் பாத்துட்டு மேல நடவடிக்கை தேவையில்லன்னு விட்டுடுச்சு. 2010 ஈக்வாலிட்டி ஆக்ட்ல பாசிட்டிவ் ஆக்‌ஷன்னு ஒரு பிரிவு இருக்கு, ஒரு துறையில ஒரு கூட்டத்தோட பங்கு ரொம்ப குறைச்சலா இருந்தா அதை சரிபண்ண அளவோட நடவடிக்கை எடுக்கலாம்னு.

இன்னொரு தகவல், ஜேக்கப் ராஸ் புத்தகத்தை போட்டதும் பீபல் ட்ரீதான். 1985ல இருந்து லீட்ஸ்ல நடக்குது, கரீபியன் எழுத்தும் பிரிட்டிஷ் கறுப்பின எழுத்தும்தான் அவங்க உயிர். ரோஜர் ராபின்சனோட 'எ போர்ட்டபிள் பாரடைஸ்' கவிதைக்கான 2019 டி.எஸ். எலியட் பரிசு வாங்குச்சு, மோனிக் ரோஃபியோட 'தி மெர்மெய்ட் ஆஃப் பிளாக் காங்க்' 2020க்கான காஸ்டா ஆண்டின் சிறந்த புத்தகம் ஆச்சு, ரெண்டும் இந்தச் சின்ன பதிப்பகம்தான். லண்டன்ல இருக்கிற பெரிய கட்டடங்கள்ல இல்லாத காது இவங்களுக்கு இருந்திருக்குன்னுதான் நான் சொல்லுவேன்.

லெஸ்டர்_மாரி:

இதுவரைக்கும் யார் யார் இந்த பரிசு வழியா வந்தாங்கன்னு தேடிப் பாத்தேன். 2014ல ஜெயிச்சது எங்க லெஸ்டர் பொண்ணு, மசூதா ஸ்நெய்த்! 'தி திங்ஸ் வி தாட் வி நியூ', 2017ல டபுள்டே பதிப்பகம் போட்டது. லெஸ்டர் கவுன்சில் எஸ்டேட்ல (நகராட்சி வாடகைக் குடியிருப்பு) தீராத வலியோட படுக்கையிலயே கிடக்கிற ஒரு பெங்காலிப் பொண்ணு, வயசு 18. நான் தினம் பஸ்ஸுல தாண்டிப் போற மாதிரியான கட்டடம், ஈரம் ஏறின சுவர், லிஃப்ட், பக்கத்து வீட்டுச் சத்தம், அதெல்லாம் ஒரு நாவலுக்குள்ள வரும்னு நான் நினைச்சதே இல்ல.

அதே 2014ல வாசகர் தேர்வுப் பரிசு வாங்கினவங்க கிட் டி வால். அம்மா ஐரிஷ், அப்பா செயின்ட் கிட்ஸ் தீவு, பிறந்தது பர்மிங்காம் 1960ல. பல வருஷம் குடும்பநல, கிரிமினல் சட்டம் சம்பந்தமான வேலை பாத்துட்டு நாப்பது வயசுக்கு மேல எழுத வந்தவங்க. 'மை நேம் இஸ் லியோன்' 2016ல வந்து பெரிய ஹிட்டு, அப்புறம் பிபிசி படமாவும் எடுத்துச்சு. அந்த அட்வான்ஸ் பணத்துல ஒரு பங்கை எடுத்து, வசதியில்லாத ஒருத்தர் பர்க்பெக் காலேஜ்ல எழுத்துப் படிப்பு படிக்க ஸ்காலர்ஷிப் வச்சாங்க. 2016ல ரெண்டாவது இடம் வந்த வின்னி லியோட 'டார்க் சாப்டர்' அடுத்த வருஷம் கார்டியனோட நாட் தி புக்கர் பரிசு வாங்குச்சு.

ஜெயிச்சவங்க மட்டும் இல்ல, கூட லிஸ்ட்ல இருந்தவங்களும் மேல வந்திருக்காங்க. எனக்கு ஆச்சரியமா இருந்தது இடைவெளிதான், 2012ல பரிசு 2014ல புத்தகம், 2014ல பரிசு 2017ல புத்தகம், 2020ல பரிசு 2023ல புத்தகம். பரிசு கிடைச்ச அடுத்த மாசமே எல்லாம் நடந்திடுதுன்னு நினைச்சேன், அப்படி இல்ல போல.

ஈஸ்ட்ஹாம்_கவிதா:

ஆமா மாரி, அந்த ரெண்டு மூணு வருஷத்துலதான் நிஜ வேலையே நடக்குது. பரிசு வாங்கின பிரதி அப்படியே அச்சுக்குப் போகாது. ஏஜென்ட் கூட உக்காந்து திருத்தி, அப்புறம் விக்கணும், அப்புறம் எடிட்டர் திருத்துவாங்க, காப்பி எடிட், ப்ரூஃப், அட்டை. ஒப்பந்தம் போட்ட நாள்ல இருந்து கடைக்கு வரவே ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்.

பணம் இதுல ரொம்ப சின்ன விஷயம். அனுபவமுள்ள நடுவர்கள் முழுப் பிரதியையும் ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் படிக்கிறாங்க பாருங்க, அதுதான் பெருசு. மூணு அத்தியாயத்தோட நிக்கிறது இல்ல. அப்புறம் ஏஜென்ட்டுக்கு எழுதுற லெட்டர்ல ஷார்ட்லிஸ்ட்னு ஒரு வரி இருந்தா அந்த லெட்டர் குவியல்ல அடியில போகாது. நான் கண்ணால பாத்திருக்கேன், அந்த ஒரு வரிக்காக அன்னைக்கே எடுத்துப் படிச்சதை.

வேற வழியும் இருந்திருக்கு. கார்டியனும் ஃபோர்த் எஸ்டேட் பதிப்பகமும் சேந்து சிறுகதைக்கு ஒரு பரிசு ஆரம்பிச்சாங்க, பின்னாடி ஃபோர்த்ரைட்னு பேர் மாத்துனாங்க. 6,000 வார்த்தைக்குள்ள ஒரு கதை, 1,000 பவுண்டு, ஒரு நாள் பதிப்பகத்துல பயிற்சி, கதை கார்டியன் சைட்ல வரும். 2016ல அபியோலா ஓனி '75'ங்கிற கதைக்கு முதல் பரிசு வாங்கினாங்க. நாவல் முடிக்க நேரம் இல்லாதவங்களுக்கு அந்த அளவு கையாள முடியும்.

ராப் பாடகர் ஸ்டார்ம்சியோட மெர்க்கி புக்ஸ் பதிப்பகம் நடத்தின நியூ ரைட்டர்ஸ் பிரைஸ்ல பரிசே புத்தக ஒப்பந்தம்தான். ஹஃப்சா ஸய்யான் அதுல ஜெயிச்சு 2021ல 'வி ஆர் ஆல் பேர்ட்ஸ் ஆஃப் உகாண்டா' வந்துச்சு, 1972ல உகாண்டாவுல இருந்து இடி அமீன் துரத்தின ஆசியக் குடும்பங்களோட கதை. ஆனா அதுக்கு வயசு 16ல இருந்து 30 வரைக்கும்தான். லீட்ஸ் பரிசுல 18க்கு மேல எந்த வயசா இருந்தாலும் சரி. எனக்கு இது ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா நம்ம பெண்கள்ல பாதிப்பேர் பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்ச பிறகுதான் ஒரு நோட்டைத் திறக்கிறாங்க, 30 வயசுங்கிற கோடு அவங்களை சத்தமில்லாம வெளில தள்ளிடும்.

டொராண்டோ_செல்வி:

தள்ளி நின்னு பாக்கிறவளா ஒண்ணு சொல்றேன். பரிசு நல்லது, இருக்கணும். ஆனா பரிசு இருக்குன்னு சொல்லி பதிப்பகங்கள் தங்களோட வேலையை இவங்க தலையில கட்டிட்டா? நல்ல எழுத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறது எடிட்டரோட சம்பள வேலை. அதை ஒரு ஊர்ல இருக்கிற பெண்கள் அமைப்பு நிதி திரட்டி செய்யுது. அவங்க ஒரு வருஷம் முடியலன்னு நிறுத்திட்டா என்ன ஆகும்?

அடுத்தது ரெண்டாவது புத்தகம். 2020 ஜூன்ல எல்.எல். மெக்கின்னிங்கிற கறுப்பின எழுத்தாளர் பப்ளிஷிங் பெய்ட் மீன்னு ஒரு ஹேஷ்டேக் ஆரம்பிச்சு, எல்லாரும் வாங்கின அட்வான்ஸை வெளில சொல்லுங்கன்னு கேட்டாங்க. பேர் வாங்கின கறுப்பின எழுத்தாளர்களுக்கே, முதல் புத்தகம் எழுதின வெள்ளையர்களை விட கம்மி தொகைன்னு வரிசையா வந்துச்சு. அதே வருஷ டிசம்பர்ல நியூயார்க் டைம்ஸ் ஒரு கணக்கு போட்டது, 1950ல இருந்து 2018 வரைக்கும் பெரிய பதிப்பகங்கள் போட்ட ஆங்கில நாவல்கள்ல அவங்க எடுத்துப் பாத்ததுல 95 சதவீதம் வெள்ளையர் எழுதினது, 2018ஐ மட்டும் எடுத்தாலே மத்தவங்க பங்கு 11 சதவீதம்தான். அது அமெரிக்கக் கணக்குதான், ஆனா பெரிய கம்பெனிகள் ரெண்டு பக்கமும் அதே கம்பெனிகள்தானே. வாசல்ல ஒரு ஆளை உள்ள விட்டுட்டு உள்ள உக்கார இடம் குடுக்கலன்னா எப்படி? பரிசு குடுக்கிறவங்களைக் குறை சொல்லல, அவங்க செய்யறதை செஞ்சுட்டாங்க. மத்தவங்களைக் கேக்கணும்.

ரீடிங்_சுப்பு:

செல்வி சொன்னது எனக்கு ரொம்ப சரியா படுது. கம்ப்ஸ் விஷயம் எனக்குத் தெரியாது, கவிதா சொன்னதும்தான் புரிஞ்சுது, பேரை மறைச்சா போதும்னு இனி சொல்ல மாட்டேன். ஆனாலும் முத்திரை பத்தின பயம் எனக்குப் போகல, இப்பவும் சொல்றேன், ஜெயிச்சவங்களை பேப்பர்ல எழுதும்போது ஆசியப் பெண் எழுத்தாளர்னுதான் தலைப்பு போடுறாங்க, நாவல் எதைப் பத்தினதுன்னு மூணாவது பத்தியிலதான் வருது. பொண்ணுகிட்ட இந்த இழையைக் காட்டினேன், அவ எனக்கு நேர்மாறா பேசுறா. அவளே முடிவு பண்ணட்டும்.

ஹரோ_நிலா:

சுப்பு அண்ணா, மகளை எழுதச் சொல்லுங்கோ, அதுதான் முக்கியம்.

கவிதா, நான் திரும்பவும் அனுப்ப யோசிச்சிருக்கிறன், போட்டியளுக்கும் ஏஜென்ட்டுகளுக்கும் சேர்த்து. சண்டையைக் கூட்டச் சொன்னதை நான் செய்யேல்ல, செய்யவும் மாட்டன், அந்த மனிசன்ர கதை அது இல்லை. எனக்குப் பிரச்சினை சினாப்சிஸ்தான். ஒரு பக்கத்தில முழு நாவலையும் எப்பிடி அடக்கிறது? அம்மா கடைசியில ஃபோன் எடுக்காமல் விடுறதை அதில சொல்லலாமோ, சொன்னால் வாசிக்கிற ஆளுக்கு எல்லாம் தெரிஞ்சு போகுமே?

ஈஸ்ட்ஹாம்_கவிதா:

சொல்லுங்க நிலா, கண்டிப்பா சொல்லணும். சினாப்சிஸ்ல முடிவை மறைக்கவே கூடாது, அது பின் அட்டை வாசகம் இல்ல. படிக்கிறவங்க பாக்கிறது ஒண்ணுதான், இந்த ஆள் எங்க ஆரம்பிச்சு எங்க போய் நிக்கிறார், அதுக்கு நடுவுல எது அவரை மாத்துச்சு. படர்க்கையில, நிகழ்காலத்துல எழுதுங்க, மூணு பேருக்கு மேல பாத்திரங்களோட பேர் வேண்டாம். பெட்ரோல் ஸ்டேஷன் இரவு ஷிஃப்ட்டை முதல் வரியிலயே வச்சிடுங்க, இலங்கையை ரெண்டாவது வரிக்குத் தள்ளுங்க.

அப்புறம் மூணு விஷயம் பாத்துக்கங்க. ஒண்ணு, அமேசான் கிண்டில்ல இ-புக்கா நீங்களே போட்டுட்டா பல போட்டிகள்ல அது பிரசுரமானதாதான் கணக்கு, அதனால அவசரப்பட்டு ஏத்திடாதீங்க, ஒவ்வொரு போட்டியோட விதியையும் முழுசா படிங்க. ரெண்டு, படிக்கிறதுக்கு காசு கேக்கிற ஏஜென்ட் ஏஜென்ட்டே இல்ல, அவங்களுக்கு உள்ளது புத்தகம் வித்த பிறகு வர்ற 15 சதவீதம். உங்ககிட்ட ஆயிரக்கணக்குல பவுண்டு வாங்கிட்டு புத்தகம் போட்டுத் தர்றேன்னு வர்ற கம்பெனி பக்கமே போகாதீங்க, ரெண்டு மூணு தடவை நிராகரிச்ச பிறகு மனசு தளர்ந்து இருக்கும்போதுதான் அவங்க மெயில் வரும். மூணாவது, அந்த ஏஜென்ட் முழுப் பிரதியும் கேட்டு வாங்கிப் படிச்சாங்க இல்ல, அது சாதாரணம் இல்ல, அடுத்த லெட்டர்ல பேர் சொல்லாம அதைக் குறிப்பிடலாம்.

சினாப்சிஸ் எழுதினதும் எனக்கு தனி மெசேஜ்ல அனுப்புங்க, சனிக்கிழமை நான் ஃப்ரீ.

ஹரோ_நிலா:

ஓம் கவிதா, வெள்ளி இரவு பிள்ளையள் படுத்த பிறகு எழுதி அனுப்புறன். முதல் பத்துப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பட்டோ?

ஈஸ்ட்ஹாம்_கவிதா:

அனுப்புங்க அனுப்புங்க. வேர்ட் ஃபைலா, டபுள் ஸ்பேஸ்ல.